மாணிக்கம் அண்ணன் ஒட்டிய எழுத்துகள்

வண்டிக் கம்பெனிக்காரன் தன் பெயரைப் பெருமையாகப் பொறித்து அனுப்புவான். அதற்கு மேலே நம் ஆட்கள் கேட்கிற நிறத்தை ஒட்டி அனுப்புவதுதான் எங்கள் தொழில். பிக்கப் வண்டியின் பின்கதவில் புடைப்பாகப் பெரிய எழுத்துகள் இருக்கும். லாரியின் முகப்பில் வெள்ளி நிறத்தில் ஒரு சின்னம் இருக்கும். இந்த மலையில் மழையிலும் பனியிலும் இரண்டு வருடம் ஓடினால் அந்த வெள்ளி பல்லிளித்துவிடும். உடனே சிவப்பு வேண்டும், கறுப்பு வேண்டும், ராத்திரியில் மின்னுகிற ரேடியம் வேண்டும், மகள் பெயர் வேண்டும் என்று கிளம்பி வருவார்கள். வினைல் தாளை மெஷினில் வெட்டி, சின்னத்தின் வளைவுக்குத் தகுந்தபடி சூடு காட்டி இழுத்து ஒட்டி, ஓரத்தைப் பிளேடால் சீவி எடுக்க வேண்டும். சொல்வதற்கு இவ்வளவுதான். செய்து பார்த்தவர்களைக் கேட்டால், பச்சைக் குழந்தைக்கு நகம் வெட்டுவது இதைவிடச் சுலபம் என்பார்கள்.

கடை கோத்தகிரி பக்கத்தில் அரவேணுவில் மெயின் ரோட்டிலேயே இருக்கிறது. நாங்கள் இரண்டு பேர். கம்ப்யூட்டரில் எழுத்து வரைவது, மெஷினில் வெட்டுவது, வாடிக்கையாளரிடம் வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்வது எல்லாம் என் இலாகா. ஒட்டுவது மாணிக்கம் அண்ணன் இலாகா. என்னைவிடப் பதின்மூன்று வயது மூத்தவர். இலங்கைத் தோட்டத்திலிருந்து கைக்குழந்தையாகத் தூக்கிவரப்பட்டவர். தேயிலை ஃபேக்டரியில் மூட்டைகளுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்த மனிதரைக் கெஞ்சிக் கூத்தாடிக் கடைக்குக் கூட்டி வந்தேன். நான் வாழ்க்கையில் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான் என்று என் மனைவி சொல்வாள். தன்னைக் கட்டிக்கொண்டதை அவள் கணக்கில் சேர்க்கவில்லை.

இங்கே நான் சொல்லப்போவதெல்லாம் அவர் கையைப் பற்றித்தான். கடைசி இரண்டு வருடம் அந்தக் கை நடுங்கியது. அது வண்டிக்காரர்களுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்பதுதான் அவருக்கு உயிர்ப் பிரச்சினையாக இருந்தது. மற்றதெல்லாம் அப்புறம்தான். கூட்டாளியின் குறையை மூடி மறைத்துக்கொண்டு கடை நடத்திய எல்லோரும் என் கட்சிக்காரர்கள். என் பாடு அவர்களுக்குப் புரியும்.

வழி நெடுக ஒரு பெயர்

கடை திறந்த முதல் வருடம். உறைபனிக் காலம். மாணிக்கம் அண்ணன் யாரோ சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போயிருந்தார். ஊட்டிப் பக்கமிருந்து கேரட் ஏற்றிக்கொண்டு வந்த லாரி ஒன்று விடிந்ததும் கடை வாசலில் நின்றது. முகப்பில் கம்பெனி எழுத்துகள் மேல் மஞ்சள் ஒட்ட வேண்டும், சரக்கோடு கீழே இறங்க வேண்டும், சீக்கிரம் என்றார் டிரைவர். அண்ணன் செய்வதைத்தான் தினமும் பார்க்கிறோமே, இதில் என்ன பெரிய வித்தை என்று நானே இறங்கினேன். துணியால் துடைத்தேன். ஒட்டினேன். பத்து எழுத்தும் நேராக நின்றன. எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது.

தகரம் கைக்கு ஈரமாகத் தெரியாது, ஆனால் குளிரில் அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு பனிப்படலம் இருக்கும். முதலில் ஹீட் கன்னால் தகரத்தைச் சூடாக்கி அதை விரட்ட வேண்டும். அண்ணன் அதைச் செய்வதைத் தினமும் பார்த்திருக்கிறேன். குளிர்காய்கிறார் என்று நினைத்திருந்தேன். மறுநாள் மதியம் அதே லாரி காலியாக மலையேறி வந்தது. முகப்பில் ஒரே ஒரு எழுத்து, அதுவும் ஒரு காலில் தொங்கிக்கொண்டிருந்தது. டிரைவர் சண்டை போடவில்லை. இறங்கி வந்து பொறுமையாகச் சொன்னார்:

"ஏனுங்க, உங்க எழுத்தெல்லாம் இங்கிருந்து குஞ்சப்பனை வரைக்கும் வழி நெடுகக் கெடக்குதுங்க. ஒரு சாக்கு எடுத்துட்டுப் போனீங்கன்னா பொறுக்கிட்டு வந்துரலாமுங்க."

தேவர்சோலைக்காரர்

அண்ணனின் கை எப்படிப்பட்டது என்று தெரியாவிட்டால் மற்றது எதுவும் உங்களுக்கு உறைக்காது. அவர் சின்னத்தின் மேல் வினைலை வைத்துக் கட்டைவிரலால் ஒரு தடவு தடவுவார். குழி இருக்கிற இடத்தில் அது தானாகக் குழியும். பிளேடை ஒரே இழுப்பில் ஓரம் சுற்றிக் கொண்டுவருவார். பாதியில் நிறுத்தமாட்டார், மூச்சும் விடமாட்டார். அடியில் இருக்கிற பெயிண்டில் ஒரு கீறல் விழாது. அதற்காகவே கூடலூர் தாண்டித் தேவர்சோலையிலிருந்து ஒருவர் மூன்று மணி நேரம் வண்டி ஓட்டிக்கொண்டு வருவார். வழியில் ஸ்டிக்கர் கடைக்குப் பஞ்சமா என்ன?

ஒருமுறை அவர் வந்த அன்றைக்கு அண்ணனுக்குக் காய்ச்சல். நான் தகரத்தைச் சூடாக்கினேன், ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன், சோப்புத் தண்ணீர் தெளித்தேன், சாஸ்திரப்படி எதையும் விடவில்லை. அரை நாள் எடுத்துக்கொண்டு ஒட்டி முடித்தேன். அவர் வண்டியைச் சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார். விரலால் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார். மனம் நோகாமல் சொல்ல வேண்டும் என்று அவர் படுகிற கஷ்டம் எனக்கே பாவமாக இருந்தது. கடைசியில் மலையாளம் கலந்த தமிழில் சொன்னார்:

"கொள்ளாம், கொறை ஒண்ணும் சொல்றதுக்கில்லை. நீங்க ஒட்டினது ஒட்டின மாதிரி இருக்கு. சேட்டன் ஒட்டினா வண்டியோட பொறந்த மாதிரி இருக்கும்."

கறுப்பு

கட்டபெட்டுப் பக்கத்திலிருந்து அப்பா, அம்மா, மகன் மூன்று பேரும் புது பிக்கப்பில் வந்தார்கள். கோயிலுக்குப் போய்விட்டு நேராக வந்திருந்தார்கள், மாலை வாடவில்லை. மகனுக்கு முன் சின்னம், பின் எழுத்து, பக்கவாட்டு எழுத்து எல்லாமே கறுப்பாக வேண்டும். இப்போது அதுதான் பேஷன். முன்சீட்டில் உட்கார்ந்திருந்த அம்மா மட்டும் புது வண்டிக்குக் கறுப்பா என்று மெதுவாகக் கேட்டார். சின்னப் பையன் ஆசைப்படறான் விடு என்றார் அப்பா. அண்ணன் ஒட்டினார். கறுப்பு வண்டியோடு பிறந்த மாதிரிதான் இருந்தது.

ஒன்பதாம் நாள் அந்த அப்பா தேயிலைத் தோட்டத்தில் உரம் போட்டுக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அப்படியே போய்விட்டார். காரியம் முடிந்த மறுநாள் மகனும் அம்மாவும் வந்து நின்றார்கள். எல்லாவற்றையும் உரித்துவிடச் சொன்னார்கள். ஸ்டிக்கர் நிறத்தால் யாரும் சாவதில்லை என்று எனக்குத் தெரியும். அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்கிற தைரியம் இருப்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

அண்ணன் ஒவ்வொன்றாகச் சூடு காட்டி உரித்தார். முன் சின்னத்தின் ஓரத்தைக் கிளப்பப் பிளேடை வைத்தபோது அது சர்ரென்று வழுக்கியது. வெள்ளியின் மேல் விரல் நீளத்துக்கு ஒரு கீறல். இத்தனை வருடத்தில் நான் பார்த்த முதல் கீறல் அது. அம்மாவும் மகனும் கவனிக்கிற நிலையில் இல்லை. அண்ணன் என்னைப் பார்த்து, பிளேடு மொண்ணை என்றார். அன்று காலையில்தான் நான் புது பிளேடு மாட்டியிருந்தேன். அவர் கட்டைவிரல் தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. நான் பாலீஷ் போட்டுத் தேய்த்துக் கீறலை மங்கவைத்தேன். அந்த அம்மா வெள்ளி தெரிவதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு யாரிடமும் என்றில்லாமல் சொன்னார்:

"கம்பெனிக்காரங்க வெள்ளியாத்தாங்க குடுத்தாங்க. நாமதான் கறுப்பாக்கிட்டோம்."

தோட்டத்துப் பெயர்

எண்பதை நெருங்குகிற ஒரு பெரியவர் மருமகனின் சின்ன லாரியில் வந்தார். முகப்பில் கம்பெனி எழுத்தை மூடிவிட்டு அந்த இடத்தில் ஒரு தோட்டத்தின் பெயர் வேண்டும் என்றார். கண்டிப் பக்கத்தில் அவர் வேலை பார்த்த தோட்டம். ஊர்க்காரர்கள் கேட்டால் என்ன பதில் சொல்வது, அங்கே என்ன வாழ்ந்தது, எதற்கு இந்தப் பெயர் என்று மருமகன் சிடுசிடுத்தார். பெரியவருக்குப் படிக்கத் தெரியாது. நான் அச்செடுத்த தாளை அண்ணனிடம் நீட்டி வாசிக்கச் சொன்னார். அண்ணன் வாசித்தார். இன்னொரு தரம் என்றார். இன்னொரு தரமும் வாசித்தார்.

ஒட்டும்போது அண்ணன் இடக்கையால் வலக்கை மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். குளிர் தம்பி என்றார். ஆடி மாதம்தான், குளிர்தான், ஆனால் அது குளிரில் வருகிற ஆட்டம் இல்லை. கடைசி எழுத்து ஒரு நூல் சாய்ந்துவிட்டது. மருமகன் அதைக் காட்டி என்னமோ சொல்ல வாயெடுத்தார். பெரியவர் குறுக்கே கையை நீட்டித் தடுத்தார். அண்ணனின் தோளில் கைவைத்துக்கொண்டு, மருமகனுக்குச் சேர வேண்டிய பதிலை அண்ணனிடம் சொன்னார்:

"இருவது வருசம் அந்தத் தோட்டத்துக் கொழுந்தை எங்கட முதுகுல சுமந்தம். அங்க ஒரு பலகையிலயும் எங்கட பேரு இருக்கல்ல. இப்ப அதுட பேரு எங்கட வண்டியில தொங்கட்டும்."

இரட்டை வேலை

அதற்குப் பிறகு நான் ஒரு காரியம் செய்ய ஆரம்பித்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அண்ணன் ஒட்டி முடித்ததும், பசை பிடிக்க ஒரு மணி நேரம் ஆகும் என்று வண்டிக்காரரை அனுப்பிவிடுவேன். அண்ணனை டீக்கு அனுப்புவேன், கோத்தகிரியில் ஸ்பிரிட் வாங்கிவரச் சொல்வேன், ஏதாவது ஒரு சாக்கு. அவர் தலை மறைந்ததும் கோணலாக இருப்பதை உரித்துவிட்டுப் புதிதாக வெட்டி ஒட்டுவேன். அவர் கையைத் திருத்தித் திருத்தியே எனக்கு வேலை படிந்துவிட்டது. இதைவிடக் கேவலமான பள்ளிக்கூடம் வேறு கிடையாது. அவர் திரும்பி வந்து தான் ஒட்டியதாக நினைத்துக்கொண்டு அதைத் தடவிப் பார்ப்பார். அந்த நேரத்தில் நான் கம்ப்யூட்டருக்குள் தலையை விட்டுக்கொள்வேன்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் டீக்குப் போனவர் குடையை மறந்துவிட்டதால் பாதியில் திரும்பி வந்தார். நான் ஒரு பிக்கப்பின் பின்கதவில் குனிந்திருந்தேன். அவர் அரை மணிக்கு முன்னால் ஒட்டிய எழுத்துகள் உரிந்து என் முழங்கையில் ஒட்டிக்கொண்டு தொங்கின. அவர் கிட்டே வந்தார். என் முழங்கையிலிருந்து அவற்றை ஒவ்வொன்றாக எடுத்தார். உருட்டிக் குப்பைக்கூடையில் போட்டார். எவ்வளவு நாளாக என்று கேட்கவில்லை. வண்டிக்காரங்களுக்குத் தெரியுமா என்று அதை மட்டும் கேட்டார்.

சத்தியமாக ஒருத்தருக்கும் தெரியாது என்றேன். அது பொய் இல்லை. அப்படித்தான் நான் நம்பிக்கொண்டிருந்தேன். அவர் முகத்தில் போன ரத்தம் திரும்பி வந்தது. ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். பிறகு என்னைக் கோபித்துக்கொள்ளாமல், ரொம்பச் சாதாரணமாக, அது ஒன்றுதான் தன் குறை என்பதுபோலக் கேட்டார்:

"சொல்லியிருந்தா நானே உரிச்சுக் குடுத்திருப்பேனே தம்பி. எதுக்கு நீ ஒரே ஆளு ரெண்டு வேலை பார்த்த?"

டாக்டர் போடச் சொன்ன வட்டம்

குன்னூரில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். அண்ணனின் மனைவி லெட்சுமி அக்காவும் வந்தார். டாக்டர் ஒரு தாளைக் கொடுத்து, கொசுவர்த்தி மாதிரி உள்ளேயிருந்து வெளியே வட்டம் சுற்றச் சொன்னார். பேனா பிடித்துப் பழக்கமில்லை, பிளேடு கொடுத்தால் நேராக வெட்டிக் காட்டுகிறேன் என்றார் அண்ணன். டாக்டர் சிரித்தார். அண்ணன் வேடிக்கைக்குச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். அந்தத் தாளில் அவர் சுற்றிய வட்டத்தை நான் பார்த்தேன். மலை ரோட்டில் கூட அத்தனை வளைவு கிடையாது. நடுக்குவாதம் என்றார் டாக்டர். மாத்திரையில் கொஞ்சம் கட்டுப்படும், நடமாட்டத்துக்குப் பயமில்லை, ஆனால் பிளேடைத் தொடக் கூடாது என்றார். சரிங்க டாக்டர் என்று அண்ணன் தலையாட்டினார், யாருக்கோ சொன்னதைக் கேட்டுக்கொண்டதுபோல.

திரும்பி வருகிற பஸ்ஸில் அண்ணன் ஜன்னலோரம் கண்ணை மூடிக்கொண்டார். நானும் அக்காவும் பின்சீட்டில் இருந்தோம். ரொம்ப நாளாகவே கடையில் கவனித்தேன், எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை என்று மெல்ல ஆரம்பித்தேன். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்:

"வூட்டுல ஒரு வருசமா அவருக்குச் சட்டைப் பொத்தான் நான்தான் போட்டுவிடறேன். குளிருக்கு வெரல் மரத்துப்போச்சுன்னு சொல்வாரு, நானும் ஆமான்னுருவேன். நீங்களும் அப்படித்தான் இருந்தீங்களா தம்பி?"

முதுகு வலி

அண்ணன் நாற்பது நாள் வீட்டில் இருந்தார். அந்த நாற்பது நாளும் கடையில் நான் தனியாகப் பேசிக்கொண்டிருந்தேன். வேலைக்குக் குறைவில்லை, வண்டிகள் வந்துகொண்டுதான் இருந்தன. ஆனால் ஒரு சின்னத்தை ஒட்டி முடித்ததும் பக்கத்தில் நின்று, ம், ஆகட்டும் என்று சொல்ல ஆள் இல்லாவிட்டால் அந்த வேலை முடிந்த மாதிரியே இருக்காது. ஞாயிற்றுக்கிழமைதோறும் போய்ப் பார்ப்பேன். அவர் வாசலில் உட்கார்ந்து ரோட்டில் போகிற வண்டிகளின் பின்கதவைப் பார்த்துக்கொண்டிருப்பார். அது நம்ம வேலை, அது குன்னூர்க்காரன் வேலை என்று தூரத்திலிருந்தே சொல்வார். ஒன்றுகூடத் தப்பாது.

நீங்கள் பிளேடைத் தொடவே வேண்டாம், வந்து நிறம் பாருங்கள், அளவு சொல்லுங்கள், வருகிறவர்களிடம் பேசுங்கள், நீங்கள் இல்லாமல் எனக்கு ஓடவில்லை என்று ஒவ்வொரு வாரமும் கெஞ்சினேன். மாட்டேன் மாட்டேன் என்றவர் ஆறாவது வாரம் இறங்கி வந்தார். வண்டிக்காரங்க ஏன் ஒட்டுறதில்லைன்னு கேப்பாங்களே என்றார். அதுதான் அவருக்குத் தடங்கல். என்ன சொல்லலாம் என்று இருவரும் உட்கார்ந்து யோசித்தோம். கண் பார்வை என்றால் நம்பமாட்டார்கள், அரை மைல் தூரத்து வண்டியை அடையாளம் சொல்கிற மனிதர். கடைசியில் அவரே ஒன்றைக் கண்டுபிடித்தார். அன்று அவர் முகத்தில் பழைய களை வந்திருந்தது. வருகிற திங்கட்கிழமை வருகிறேன் என்று கைமேல் அடித்துச் சொன்னார்:

"முதுகு புடிச்சுக்கிச்சுன்னு சொல்லிருவோம் தம்பி. முதுகு வலி எல்லாருக்கும் வர்றதுதானே, அதுல ஒரு அவமானமும் இல்ல."

ராஜன் சொன்னது

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின சனிக்கிழமை ராஜன் வந்தார். சின்னத் தோட்டக்காரர்களிடம் பச்சைத் தேயிலை எடுத்து ஃபேக்டரிக்குக் கொண்டுபோகிற பிக்கப் அவருடையது. பின்கதவு எழுத்து அண்ணன் ஒட்டியது. எப்படியோ என் கைக்குத் தப்பிப்போன வேலை. இரண்டாவது எழுத்து இறங்கியிருந்தது, நான்காவது ஓரம் கிளம்பியிருந்தது. அண்ணன் வருகிற நேரத்தில் இது அவர் கண்ணில் பட வேண்டாமே என்று, வண்டியை நிறுத்துங்கள், ஐந்து நிமிடத்தில் மாற்றித் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றார் ராஜன். மழையில் உரிந்துவிட்டது போல என்று நானே ஒரு காரணம் சொன்னேன். மழையெல்லாம் இல்லை என்றார். அண்ணனுக்கு இப்போது கை எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

எந்தக் கை என்றேன் நான், அசட்டுத்தனமாக. ராஜன் வண்டியின் பின்கதவில் சாய்ந்துகொண்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். இரண்டு வருடமாகவே இந்த டிரைவர்கள் ஏழு மணிக்கெல்லாம் வந்து கடை வாசலில் நிற்பார்கள். தகரம் சில்லென்று கிடக்கிற நேரத்தில் வந்து உயிரை வாங்குகிறீர்களே, வெயில் ஏறிய பிறகு வந்தால் என்ன என்று எத்தனையோ பேரைத் திட்டியிருக்கிறேன். சிரித்துக்கொண்டே போவார்கள், மறுபடியும் ஏழு மணிக்குத்தான் வருவார்கள். அதற்குக் காரணத்தை ராஜன் சொன்னார்:

"மத்தியானத்துக்கு மேல அண்ணனுக்குக் கை ரொம்ப ஆடுமுன்னு வண்டி ஸ்டாண்டுல அத்தனை பேருக்கும் தெரியுமுங்க. அதனால ஸ்டிக்கர் வேலைன்னா காலங்காத்தாலயே போயிரோணும்னு நாங்களே பேசி வெச்சிருந்தோமுங்க. உங்களுக்குத் தெரிஞ்சா அவரை நிறுத்திப்போடுவீங்களோன்னு பயந்துதானுங்க சொல்லலை."

நான் சொன்னது

ராஜன் போன பிறகு ரொம்ப நேரம் நான் அழுதேன். சந்தோஷத்தில்தான். இத்தனை வண்டிக்காரர்கள், வாய்க்கு வாய் கெட்ட வார்த்தை பேசுகிறவர்கள், ஒரு மனிதரின் கைக்காக இரண்டு வருடம் குளிரில் வந்து நின்றிருக்கிறார்கள். என்னை மட்டும் ஏமாற்றியிருக்கிறார்கள், போகட்டும். இனி முதுகு வலி என்ற நாடகமும் வேண்டாம், அண்ணன் தலைநிமிர்ந்து கடைக்கு வரலாம். இதை அவரிடம் சொன்னால் எவ்வளவு ஆறுதலாக இருக்கும் என்று ஞாயிற்றுக்கிழமை வர்க்கி பிஸ்கட் ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு ஓடினேன்.

திங்கட்கிழமைக்காக அவருடைய நீலச் சட்டையைத் தேய்த்து மாட்டியிருந்தார்கள். லெட்சுமி அக்கா டீ கொடுத்தார். அண்ணன் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நான் மூச்சுவிடாமல் சொன்னேன். ஏழு மணிக் கதையைச் சொன்னேன், ஸ்டாண்டில் பேசிவைத்துக்கொண்டதைச் சொன்னேன். ராஜனுமா என்றார். ராஜன்தான் அண்ணே சொன்னதே என்றேன். தேவர்சோலைக்காரருமா என்றார். அவரும்தான், அவருக்கு ராஜன்தான் போன் பண்ணிச் சொல்லியிருக்கிறார், அதனால்தான் முந்தின நாளே வந்து தங்கிக் காலையில் வண்டியைக் கொண்டுவருவார் என்றேன். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. ஒருத்தர்கூட உங்களை ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னதில்லை என்று வேறு சேர்த்துக்கொண்டேன்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். டீயில் பாதி தட்டில் இருந்தது. மாட்டியிருந்த சட்டையை ஒருமுறை பார்த்தார். அக்கா என்னை முறைத்த முறைப்பில்தான் நான் வாயை நிறுத்தினேன். அதற்குள் சொல்ல வேண்டியது எதுவும் பாக்கியில்லை. திங்கட்கிழமை அவர் வரவில்லை. அடுத்த திங்கட்கிழமையும் வரவில்லை. அவர் கடைக்கு வந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது, ஞாயிறுதோறும் நான்தான் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். வண்டிகள் போகும்போது இப்போது அவர் பின்கதவைப் பார்ப்பதில்லை. அன்று அந்த டம்ளரை வைத்துவிட்டு அவர் சொன்னது இதுதான்:

"தேவர்சோலையில இருந்து அத்தனை தூரம் என் கைக்காக வர்றாருன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன் தம்பி. பாவம்னு வந்திருக்காரு."

ஒட்டுவதற்கு முன்னால் நன்றாகத் துடைக்க வேண்டும், ஒட்டும்போது பதமாகச் சூடு காட்ட வேண்டும், ஒட்டிய பிறகு வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும், இவ்வளவுதான் எங்கள் தொழில் என்பதில், முதல் இரண்டும் அண்ணன் புண்ணியத்தில் எனக்கு நன்றாகவே கைவந்துவிட்டன.